இரவல் அடைக்கோழி

போன வாரம் கீர்த்தனா போன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த பெண். நல்ல பிள்ளை, மலை ஏறி இறங்கச் சளைக்காதவள். "மிஸ், நம்ம நிறுவனத்துக்கு ஆண்டுவிழா மலர் போடுறாங்க. பழைய ஆளுங்ககிட்ட இனிமையான அனுபவங்கள் வாங்கித் தரச் சொல்லியிருக்காங்க. உங்க கோழி வேலையைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்களேன்" என்றாள்.

இனிமையான அனுபவங்கள் என்று கேட்டதுமே எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. எழுதுகிறேன் என்று சொல்லிப் போனை வைக்கப் போனபோதுதான் அவள் இன்னொன்றும் சொன்னாள். மறுபடியும் கோழிக்குஞ்சுத் திட்டம் வருகிறதாம். குஞ்சு வாங்கும் குடும்பங்களைத் தெரிவு செய்த கூட்டத்தில் என் பழைய வட்டாரத்தில் மேல் லயத்துப் பேச்சியம்மாவின் மருமகள் பெயரும் வந்ததாம். "அந்தக் குடும்பமா? கோழியைக் கொடுத்தா கறியாக்கித் தின்னுருவாங்க" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரிக்க, பெயரை எடுத்துவிட்டார்களாம்.

"உண்மையா மிஸ்? அப்பிடித் தின்னாங்களா?" என்று கீர்த்தனா கேட்டாள்.

அது போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். இனிமை தேடுகிறவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம்.

நான் கொஸ்லந்தவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தார். பள்ளிக்கூடம் முடித்து, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கொஞ்ச காலம் தொட்டில் ஆட்டிவிட்டு, இந்தத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். பதுளையில் பயிற்சி கொடுத்தார்கள். பலகையில் கோழிக் குடலைப் படம் போட்டார்கள், கண்ணில் சொட்டு மருந்து விடக் காட்டினார்கள், கையில் ஒரு பையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மிச்சத்தை எல்லாம் லயங்களில்தான் படித்தேன். பெரகல சந்தியிலிருந்து கொஸ்லந்த வரைக்கும் ரோட்டுக்கு மேலேயும் கீழேயும் உள்ள தோட்டங்கள் என் பொறுப்பு. காலையில் ஆட்கள் பெரட்டுக்கு, அதாவது பேர் பதிந்து வேலை வாங்க, போவதற்கு முன்னால் நான் லயத்தில் நிற்க வேண்டும். பஞ்சாரத்தைத் திறந்துவிட்டால் கோழி தேயிலைக்குள் இறங்கிவிடும், அப்புறம் யார் போய்ப் பிடிப்பது? சனங்கள் எனக்குக் 'கோழி மிஸ்' என்று பெயர் வைத்தார்கள். தெய்வானை என்ற பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோனது.

வெளியாட்களுக்கு விளங்காத ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். லயத்தில் எல்லார் வீட்டிலும் கோழி இருக்கும். ஆனால் அடை உட்காரும் கோழி எல்லாம் நல்ல தாய் இல்லை. சிலது பாதியில் எழுந்து போய்விடும். சிலது பொரித்த குஞ்சையே மிதித்துக் கொல்லும். ஒரு லயத்துக்கு ஒன்றோ இரண்டோதான் கெட்டிக்காரக் கோழி இருக்கும். அந்தக் கோழி அடை உட்கார்ந்தது என்று தெரிந்தால், முட்டை வைத்திருக்கிறவள் போய் அடைக்குக் கேட்பாள். கோழி இவள் வீட்டுக்கு வரும், அல்லது முட்டை அவள் வீட்டுக்குப் போகும். குஞ்சு வளர்ந்து, தாய் கொத்தி விரட்டும் வரைக்கும் அது தாயோடேதான் இருக்கும். அதற்கப்புறம் கோழிக்காரிக்கு ஒரு சோடி, மிச்சம் முட்டைக்காரிக்கு. இதற்குச் சாட்சியும் கிடையாது, சண்டையும் நான் பார்த்ததில்லை.

அடைக்கோழியை எப்படித் தெரிந்துகொள்வது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அடி வயிற்றுக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். சும்மா முட்டையிட உட்கார்ந்த கோழி எழுந்து ஓடும். அடைக்கோழி ஓடாது. உடம்பை உப்பி, தொண்டைக்குள் உறுமி, கையைக் கொத்தும். நெஞ்சில் இறகு உதிர்ந்து, தோல் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போல் சுடும். அந்தச் சூடுதான் குஞ்சுக்கு வேண்டியது. பல்புக்கும் அதே சூடு உண்டு என்று பயிற்சியில் சொன்னார்கள். உண்டுதான், கரண்டு இருக்கும் வரைக்கும்.

எனக்கு மேலதிகாரி ரகுநாதன் சார். பதுளைக் கடைவீதியில் பெரிய கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. திட்டங்களை எல்லாம் அவர்தான் நடத்தினார், இன்றைக்கும் அவர்தான் நடத்துகிறார். அவரைத் திருடன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஒரு சதம் எடுத்தவர் இல்லை. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். எல்லாப் பெண்களையும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் லயத்தில் ஓர் இடத்தில் உட்கார்ந்ததையோ ஒரு வாய்த் தேத்தண்ணி குடித்ததையோ நான் பார்த்ததில்லை. தண்ணீர்ப் போத்தல் கையிலேயே இருக்கும். கேள்வி கேட்பார், எதிரில் இருப்பவள் வாய் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிட்டு, "சரிதானே அம்மா?" என்பார். அவளும் சரி என்று தலையாட்டுவாள். வேறு என்ன செய்வாள்?

அடைக்கோழி என்றாலே அவருக்கு ஆகாது. ஒரு முறை கோயில் மண்டபத்தில் பெண்களைக் கூட்டி, அடை உட்காரும் கோழியைக் கம்பிக் கூட்டில் போட்டு, அடை தெளிய வைத்து, திரும்ப முட்டைக்குக் கொண்டுவரும் விதத்தை விளக்கினார். "இது சோம்பேறிக் கோழி அம்மா. சும்மா உக்காந்திருக்கும். முட்டையும் தராது, தீனியும் தின்னும்" என்றார்.

பின்வரிசையில் இருந்த பேச்சியம்மா எழுந்து நின்றாள். "அப்ப அதுக்கு அரைப் பேர் போட்டுருவோமுங்களா சார்?"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. கொழுந்து நிறை குறைந்தால் தோட்டத்தில் பாதி நாள் சம்பளம்தான் விழும், அதைத்தான் அரைப் பேர் என்பார்கள். அங்கே இருந்த ஒவ்வொருத்தியும் ஒரு நாளாவது அரைப் பேர் வாங்கிக்கொண்டு அழுதபடி வீடு வந்தவள். ரகுநாதன் சாருக்கு விளங்கவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார். விளங்கிய பிறகு அவர் சிரிக்கவில்லை என்பதையும் நான் பார்த்தேன்.

அப்புறம்தான் அந்தத் திட்டம் வந்தது. சாமான் விலை எல்லாம் தலைக்கு மேலே போய், லயத்துப் பிள்ளைகள் முட்டையைக் கண்ணால் பார்ப்பதே அரிதாகிப்போன காலம். வீட்டுக்கு இருபது நல்லினக் குஞ்சு, ஒரு பல்பு, வயர், ஒரு மூட்டை தீனி. அதற்கு ஒரு நிபந்தனை. வீட்டில் இருக்கிற நாட்டுக்கோழிகளை முதலில் விற்றுவிட வேண்டும். அவற்றின் செள்ளும் நோயும் புதுக் குஞ்சுக்குத் தொற்றிவிடுமாம். அந்தப் பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மருந்தும் சாம்பலும் போட்டு அடக்க வேண்டிய செள்ளுக்காக லயத்துத் தாய்க்கோழிகளை எல்லாம் துடைத்து எடுப்பது என்ன வைத்தியம்? கேட்டேன். "மிஸ் தெய்வானை, நீங்க பழைய ஆள்" என்றார்.

பெரகலவிலிருந்து வியாபாரியின் லொறி வந்தது. விற்றே ஆக வேண்டிய கோழிக்கு அவன் என்ன விலை கொடுப்பான் என்று நான் சொல்லத் தேவையில்லை. கூடை கூடையாக ஏற்றிக்கொண்டு போனான். அன்றைக்குப் பொழுது சாயும்போது லயத்தில் கேட்ட அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை.

குஞ்சு வருவதற்குள் கரண்டு வெட்டு ஆரம்பித்துவிட்டது. நாடு முழுக்க இருட்டு. தள்ளிப் போடுங்கள் சார் என்று நான் கெஞ்சினேன். "குஞ்சுக்கு ஓடர் குடுத்தாச்சு. கரண்டு வரும் வரைக்கும் முட்டைக்குள்ளேயே இருன்னு அதுகிட்ட சொல்ல முடியுமா?" என்றார். குஞ்சுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. பொரித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

பெட்டிக்குள் குஞ்சு இருக்கிற விதத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடலாம். பல்பை விட்டு ஓரத்துக்குப் போய் வாயைப் பிளந்தால் சூடு அதிகம். பெட்டி முழுக்க இறைத்த அரிசி போல் பரவிக் கிடந்தால் சரி. ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் குளிர். அப்படி ஏறும்போது அடியில் கிடப்பது நசுங்கிச் சாகும். அதனால் குளிரில் குஞ்சு ஒன்று ஒன்றாகச் சாகாது, குவியலாகத்தான் சாகும்.

மறுநாள் மத்தியானம் நான் பேச்சியம்மாவின் வீட்டுக்குப் போனபோது அவள் வேலைக்குப் போகாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் படங்குச் சாக்கு, அதற்குள் குஞ்சுகள். செத்ததை எல்லாம் ஓர் ஓரத்தில் பேப்பரில் சுற்றி வைத்திருந்தாள்.

"சட்டியில தணல் போட்டு வச்சேங்க மிஸ். பொகையில எம்புள்ளைக்கு இளைப்பு வந்திருச்சு. அணைச்சிட்டேன். அணைச்ச கையோட இதுக குமிஞ்சிருச்சு" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. புகையா அழுகையா என்று நான் கேட்கவில்லை.

"பேச்சி, அடைக்கோழி எங்கயாச்சும் இருக்கா?"

அவள் என்னையே பார்த்தாள். நான் ஆபீஸ் ஆள். விற்கச் சொன்ன திட்டத்தின் ஆள். "யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்களே?" என்றாள்.

கீழ் லயத்தில் சரோஜா தன் கோழியை விற்காமல் விறகுக் காம்பராவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அந்த வட்டாரத்திலேயே பேர் போன தாய்க்கோழி அது. பொழுது சாயட்டும் என்று காத்திருந்து குஞ்சுகளைச் சாக்கோடு கொண்டுபோனோம். இருட்டுக் கட்டும் நேரத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். வெளிச்சத்தில் புதுக் குஞ்சைக் கண்டால் தாய் கொத்திப்போடும். குஞ்சும் ஓரிரு நாள் குஞ்சாகத்தான் இருக்க வேண்டும், அதற்கு மேலே போனால் ஏற்காது.

கோழியின் அடியில் சரோஜாவின் சொந்த முட்டைகள் இருந்தன. பாதிக்கு மேல் அடை ஆனவை. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் அவளுக்குக் குஞ்சு கிடைத்திருக்கும். குஞ்சு வந்துவிட்டால் கோழி முட்டையில் உட்காராது என்று சரோஜாவுக்குத் தெரியும். கையை விட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். நான் கையைத் தணலில் காட்டிச் சூடாக்கி, பின்பக்கமாக, சிறகுக்கு அடியில் ஒரு குஞ்சைத் தள்ளினேன். கோழி உறுமியது. இன்னொன்று. உறுமல் நிற்கவில்லை. நாலைந்து போனதும் அந்தக் குரல் மாறியது. அடித் தொண்டையிலிருந்து மெதுவாக, கொக் கொக் என்று. அது குஞ்சோடு பேசும் குரல். சிறகை அகட்டி, மிச்சக் குஞ்சுகளைத் தானே உள்ளே வாங்கிக்கொண்டது. பேச்சியும் சரோஜாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் வேலைக் காலத்தில் இனிமையானது எது என்று கேட்டால் அந்தக் கொக் கொக் மட்டும்தான்.

பல்பை நம்பி இருந்த வீடுகளில் அந்த வாரத்தில் அநேகமாக எல்லாம் செத்தது. சரோஜாவின் கோழியிடம் போனவை பிழைத்தன. சனங்கள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கீழ் லயத்தில் இன்னும் இரண்டொரு கோழி ஒளிந்திருந்தது வெளியே வந்தது. எனக்குத் தெரியும், கங்காணிக்கும் தெரியும், ஆபீஸுக்கு மட்டும் தெரியாது.

குஞ்சுகள் வளர்ந்து, தாய் விரட்டும் பருவம் நெருங்கியபோது திட்டத்துக்குக் காசு கொடுத்தவர்கள் வெளிநாட்டிலிருந்து பார்க்க வந்தார்கள். ரகுநாதன் சார் முதலில் கூட்டிக்கொண்டு போனது பேச்சியம்மா வீட்டுக்கு. அவள் அன்றைக்கு அரை நாள் வேலையை விட்டுவிட்டு வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் நின்றாள். உள்ளே பெட்டி காலியாக இருந்தது. மேலே பல்பு தொங்கியது.

"குஞ்சுங்க எங்க அம்மா?"

"இல்லைங்க."

"செத்துப்போச்சுன்னா ஆபீசுக்குச் சொல்லியிருக்கணுமே. செத்துச்சா?"

பேச்சி வாய் திறக்கவில்லை. திறந்தால் சரோஜாவின் கோழி வெளியே வரும். தனக்காக அடை முட்டையை எடுத்து மடியில் போட்டவளைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அவள் என்னைப் பார்த்தாள். பேசிவிடாதீர்கள் என்று தலையை லேசாக அசைத்தாள். கீழே தேயிலைக்குள் அந்தக் கோழி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேய்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ரகுநாதன் சார் சிரித்தார். "கறி நல்லா இருந்துச்சா அம்மா?" என்றார். வந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பாவம், பசியாயிருக்கும், என்ற சிரிப்பு.

மறுநாள் காலையில் சரோஜாவிடமும் பேச்சியிடமும் கேட்டுக்கொண்டு, அப்புத்தளை ஆபீஸுக்குப் போய் ரகுநாதன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"நீங்க சொல்றத நம்புறேன் மிஸ் தெய்வானை. ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்தம்மா தின்னுட்டாங்கன்னா அது ஒரு வீட்டுத் தப்பு. கரண்டு இல்லாம குஞ்சு செத்துச்சு, நாம விக்கச் சொன்ன கோழியை வச்சுத்தான் மிச்சத்தைக் காப்பாத்துனாங்கன்னா, அது திட்டத்துத் தப்பு. எத நான் மேல சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுங்க சார்."

"நடந்ததைச் சொன்னா அடுத்த வருஷம் ஒரு தோட்டத்துக்கும் ஒண்ணும் வராது. ஒருத்தர் பேர் கெடுறதா, எல்லாருக்கும் இல்லாமப் போறதா? நீங்களே சொல்லுங்க."

அந்த ஒருத்தர் ஏன் எப்போதும் லயத்து ஆளாகவே இருக்கிறார் சார், என்று கேட்டேன். மேசையைத் தட்டியே கேட்டேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "டீ குடிங்க" என்றார்.

இனிமேல் அந்தக் கதையை எங்கேயும் சொல்ல மாட்டேன் என்றாவது வாக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். தலையை ஆட்டினார். ஆட்டின தலைக்கு என்ன மதிப்பு? அடுத்து வந்த ஒவ்வொரு பயிற்சியிலும் சொன்னார். பெயர் சொல்ல மாட்டார், "ஒரு தோட்டத்துல ஓர் அம்மா" என்று ஆரம்பிப்பார். எல்லாருக்கும் தெரியும் யார் என்று. நான் இரண்டு தடவை எழுந்து வெளியே போனேன். மூன்றாவது தடவை, "அது பொய் சார்" என்று அந்த இடத்திலேயே சொன்னேன். அதற்கப்புறம் என்னைப் பயிற்சிகளுக்குக் கூப்பிடுவதை விட்டார்கள்.

பேச்சி தன் பங்குக் கோழிகளை வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. தின்றதாகச் சொல்லப்பட்ட கோழி அவள் வாசலில் எப்படி மேய முடியும்? எல்லாம் சரோஜாவிடமே நின்றன. சரோஜா முட்டைகளை முந்தானையில் மறைத்து மேல் லயத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் சின்னப் பிள்ளைகள், "பேச்சிக்கா, இன்னைக்கும் கோழிக் கறியா?" என்று கத்துவார்கள். அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிடுவாள். இப்போது மருமகள் வரைக்கும் வந்துவிட்டது அந்தப் பேச்சு.

கீர்த்தனாவின் போனுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பஸ் பிடித்துப் போனேன். பேச்சி இஸ்தோப்பில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். மருமகள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டு நின்றாள். "பேச்சி, இந்தத் தடவை எல்லாத்தையும் எழுதப் போறேன். சரோஜாகிட்டயும் கேட்டுட்டேன், எழுதுங்கன்னு சொல்லிட்டா. நீ ஒரு கோழியைக்கூடத் தின்னலன்னு கொட்டை எழுத்துல எழுதப் போறேன். சரிதானே?" என்றேன்.

அவள் கோடரியைக் கீழே வைத்தாள். எனக்குச் சந்தோசப்படுவாள் என்றுதான் நினைப்பு. அவள் முகத்தில் நான் இத்தனை வருடமும் பார்க்காத கோபம் இருந்தது.

"எழுதுங்க மிஸ். ஆனா தின்னலன்னு மட்டும் எழுதிட்டு நிப்பாட்டிறாதீங்க. நீங்களும் அவுங்க மாதிரிதான் கேக்குறீங்க. தின்னா என்னங்க? குஞ்சுக்காக வேலைய விட்டு உக்காந்தது நானு. என் கோழிய வித்தது நானு. எம்புள்ள ஒரு நாளு கறிசோறு கேட்டு, நானும் ஒண்ண அறுத்துப் போட்டிருந்தா, அதுக்கு எவன்கிட்டங்க நான் பதில் சொல்லணும்? கடைக்கார வீட்டுல கோழி அறுத்தா அது விருந்து. நாங்க அறுத்தா திருட்டா? இத அவுங்ககிட்ட கேளுங்க. இதக் கேக்க மாட்டீங்கன்னா ஒண்ணும் எழுத வேணாம்."

அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன், ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. மலரில் இதற்கு இடம் இல்லை என்றால் கீர்த்தனா எனக்குச் சொல்லட்டும். விழா அன்றைக்குப் பேச்சியையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வருகிறேன். ரகுநாதன் சார் முன்வரிசையில் இருப்பார். அவள் நேரிலேயே கேட்பாள், இந்தத் தடவை அவள் கேட்டு முடிக்கும் வரைக்கும் அவர் பதில் சொல்லாமல் இருக்கட்டும்.